ஏழை சொல் அம்பலம் ஏறிய வரலாறு



"ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்று ஒரு பழமொழி உண்டு. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பாட்டன் பாட்டிமார் இதை அடிக்கடி சொல்லியிருக்கிறார்கள். அம்பலம் என்பது ஊரார் கூடி நியாயம் பேசும் பொது இடம். ஏழையின் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அவன் சொல் அந்த இடம்வரை போய்ச் சேராது என்பது இதன் பொருள். இன்றைய பேச்சில் இந்தப் பழமொழியைத் துணையாக வைத்துக்கொண்டு, நம் சொந்த வரலாற்றின் ஒரு பகுதியைப் பார்ப்போம்.

நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒருவர் பேசிய பேச்சு இன்னொருவரைப் புண்படுத்திவிடுகிறது. அல்லது அவருக்குக் கோபமூட்டிவிடுகிறது. பேசியவருக்கு என்ன தண்டனை? பேச்சுரிமை உண்டு என்று சும்மா விட்டுவிடலாமா? வேலையிலிருந்தே நீக்கிவிடலாமா? இவற்றையெல்லாம் முடிவு செய்ய வேண்டியவர் யார்? தோட்டம், தொழிற்சாலை, பத்திரிகை அலுவலகம், வழக்கறிஞர் தொழில் என்று எதை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கேள்விகள் எழும். இவற்றுள் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. அதை மலாயாத் தோட்டத் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

நாம் வாழும் பட்டர்வொர்த்திலிருந்தே தொடங்குவோம். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் கவர்னராக இருந்த வில்லியம் பட்டர்வொர்த் என்பவரின் பெயர்தான் இந்த ஊருக்கு வைக்கப்பட்டது. அவர் காலத்தில் இங்கே ரப்பர் மரம் கிடையாது. இன்று செபராங் பிறை என்று அழைக்கப்படும் இந்த நிலப்பகுதியில் கரும்புத் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. பத்து காவான், நிபோங் திபால் பக்கமெல்லாம் கரும்பு. அதை வெட்டவும் ஆலையில் இட்டு ஆட்டவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்து வந்தவர்கள். அந்த ஒப்பந்தமுறை 1910ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி முறை நீடித்தது.

ஒப்பந்தக் காலத்தில் வேலைக்கு வராமல் இருப்பதோ, தோட்டத்தைவிட்டுப் போவதோ குற்றவியல் வழக்காகவே கருதப்பட்டது. பேச்சின் நிலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள இலங்கையைப் பார்க்கலாம். அங்கே தேயிலை, கோப்பித் தோட்டங்களில் உழைத்தவர்களும் நம்மவர்களே. 1865ஆம் ஆண்டில் இலங்கையில் வந்த தொழில் ஒப்பந்தச் சட்டம், குடிபோதை, கட்டளையை மீறுதல், வேலையில் அலட்சியம் ஆகிய குற்றங்களோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டது. துடுக்காகப் பேசுவதும் ஒரு குற்றம்! தொழிலாளி எதிர்த்துப் பேசிவிட்டால் அவனைச் சிறைக்கு அனுப்பலாம். 1920களின் தொடக்கத்தில்தான் அங்கே தொழில் தொடர்பான சிறைத் தண்டனைகள் நீக்கப்பட்டன.

இந்தச் சட்டத்தின் விசித்திரத்தைக் கவனியுங்கள். தொழிலாளியின் துடுக்குக்குச் சிறை உண்டு. துரை தொழிலாளியைப் பார்த்து எப்படிப் பேசினாலும் அதே சட்டத்தில் அது துடுக்கு ஆகாது. மேலிருந்து கீழே விழுகிற சொல்லுக்கு வரம்பே இல்லை. கீழிருந்து மேலே போகிற சொல்லுக்கு விலங்கு. ஏழை சொல் அம்பலம் ஏறாமல் போனது ஏழையின் நாவில் இருந்த குறையால் அன்று. அப்படி ஏறக்கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

மேலிருந்து விழுந்த சொற்களில் ஒன்று "கூலி". நம் தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் தோட்டத்துப் பதிவேடுகளில் அந்தச் சொல் ஊதியத்தைக் குறிக்காமல் ஊதியம் வாங்கும் மனிதனைக் குறித்தது. வாங்கும் காசே அவன் பெயராகிவிட்டது. பினாங்கில் இன்னொரு சொல்லும் உண்டு. ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801ஆம் ஆண்டில் தோன்றியது. அந்தப் பெயரில் உள்ள "கெலிங்" தென்னிந்தியரைக் குறிக்கும் பழைய சொல். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து பிறந்தது என்பர். பள்ளிவாசலின் பெயரில் அது மரியாதையோடு நிற்கிறது. அதே சொல்லை வேலைத்தலத்தில் ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னால் அது வசவாகிவிடுகிறது. ஆகவே ஒரு சொல் புண்படுத்துகிறதா என்பது அகராதியைப் பார்த்து மட்டும் முடிவாகும் காரியமல்ல. யார், யாரிடம், எந்த இடத்தில், என்ன நோக்கத்தோடு சொன்னார் என்பதை விசாரித்துத்தான் அறிய முடியும்.

இனி, 1941ஆம் ஆண்டுக்கு வருவோம். இடம் சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள கிள்ளான்.

அப்போது ஐரோப்பாவில் இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ரப்பருக்கு நல்ல கிராக்கி. அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாம் விலை ஏறின. தொழிலாளியின் சம்பளம் மட்டும் ஏறவில்லை. 1930களின் இறுதியில் இந்தியத் தொழிலாளிக்குப் பெரும்பாலான தோட்டங்களில் இருந்த கணக்கு, ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. சீனத் தொழிலாளர்களுக்கு இதைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கப்பலில் புதிய ஆட்கள் வருவது நின்றதால், இங்கே இருந்தவர்கள் தங்கள் உழைப்பின் மதிப்பை உணரத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர்களைத் திரட்டிய சங்கம், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். அதன் முன்னணித் தலைவர் ஆர்.எச். நாதன். அவர் தோட்டத்தில் பால் வெட்டியவர் அல்லர். பத்திரிகைத் தொழிலைச் சேர்ந்தவர். 1924இல் தோன்றி 2019வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றியவர். எழுத்தும் பேச்சுமே அவர் தொழில்.

1941 தொடக்கத்தில் சம்பளத்துக்காக எழுந்த வேலைநிறுத்தம் சிறு உயர்வோடு அடங்கியது. ஆனால் தொழிலாளர்களின் மனம் அடங்கவில்லை. அடுத்து அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பார்த்தால், காசைவிடப் பெரிய ஒன்றை அவர்கள் தேடினார்கள் என்பது தெரியும். சீனருக்குச் சமமான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, நல்ல மருத்துவம், நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் உழைக்கும் முறையை ஒழித்தல், கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. பெண்களிடம் வெள்ளைக்காரரும், வெள்ளைக்காரர்போல் நடந்துகொண்ட மேல்நிலை ஊழியரும் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் இருந்தது.

இவற்றோடு நான்கு கோரிக்கைகள் நம் இன்றைய பொருளுக்கு நேராக வருகின்றன. ஒன்று, பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம் வேண்டும். இரண்டு, குறைகளை எடுத்துச் சொல்பவர்களைப் பழிவாங்கக் கூடாது. மூன்று, தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். நான்காவது கோரிக்கை இன்றைய பிள்ளைகளுக்கு வியப்பாக இருக்கும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. இறங்காமல் சைக்கிளில் போக அனுமதி வேண்டும் என்று கேட்டார்கள்.

சைக்கிளைவிட்டு இறங்குவதில் என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். அதில் வாய்ச்சொல்லே கிடையாது. ஆனால் இறங்காமல் போனவன் துரையை அவமதித்தவன் என்று கருதப்பட்டான். காந்தி குல்லாய் அணிந்து வேலைக்கு வந்தவனும் அப்படியே. ஆக, வாய் திறக்காமலேயே ஒருவன் "துடுக்காகப் பேசிவிட்ட" குற்றத்துக்கு ஆளாகலாம். மரியாதை என்பதன் அளவுகோல் ஒரு பக்கத்தின் கையில் மட்டும் இருந்தால் இப்படித்தான் முடியும்.

நாதன் தோட்டம் தோட்டமாகச் சென்று பேசினார். அவர் பேச்சு தோட்ட முதலாளிகளுக்கும் அரசாங்கத்துக்கும் கோபமூட்டியது. தொழிலாளரைத் தூண்டிவிடுகிறார், வெள்ளையராட்சிக்கு எதிராகப் பேசுகிறார் என்று கருதினார்கள். 1941 மே மாதம் 5ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். இன்ன கூட்டத்தில் இன்ன சொல்லைச் சொன்னார், அந்தச் சொல் இன்ன சட்டப்பிரிவின்கீழ் குற்றம் என்று திறந்த நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி, அவருக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்து, அதன்பின் வழங்கிய தண்டனை அல்ல அது. நாடுகடத்தும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் இருந்தது; அதைப் பயன்படுத்தினார்கள்.

கைதுச் செய்தி பரவியதும் தொழிலாளர்கள் கொதித்தெழுந்தார்கள். நாதனை விடுதலை செய்யக் கோரிக் கிள்ளானில் திரண்டார்கள். வேலைநிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. மே 16ஆம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது. இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் 5 பேர் உயிரிழந்தனர். முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களில் 21 பேர் நாடுகடத்தப்பட்டார்கள். இன்னும் 95 பேர் "தாமாகவே விரும்பி" ஊர் திரும்புவதாகக் கணக்கெழுதி அனுப்பப்பட்டார்கள். நடந்ததைப் பற்றி முறையான விசாரணை வேண்டும் என்ற பேச்சு இலண்டன்வரை எழுந்தது. அதற்குள் டிசம்பர் மாதம் ஜப்பானியர் படையெடுத்து வந்துவிட்டார்கள். விசாரணை நடக்கவே இல்லை.

இங்கே சற்று நின்று சிந்திப்போம். நாதன் பேசிய ஒவ்வொரு சொல்லும் சரியானது என்று நாம் வாதாட வரவில்லை. மேடையில் பேசுகிறவர்கள் சில சமயம் சூடாகவும் பேசுவார்கள். நாம் பார்க்க வேண்டியது வேறு. அந்தப் பேச்சால் கோபமடைந்தவர்கள் யார்? தோட்ட நிர்வாகமும் அதைத் தாங்கி நின்ற அரசாங்கமும். தண்டனை வழங்கியவர்கள் யார்? அவர்களேதான். புண்பட்டவரே நீதிபதியாகவும் அமர்ந்துவிட்டார். கிள்ளானில் நடந்த தீங்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கோபம் துரைமார்களுக்கு மட்டும் வருவதல்ல. நமக்கும் வரும். 1929ஆம் ஆண்டு டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்தார். பினாங்கில்தான் கப்பலைவிட்டு இறங்கினார். சாதியைப் பற்றியும் சமயச் சடங்குகளைப் பற்றியும் அவர் சொன்ன கருத்துகள் நம்மவர் பலருக்கு உற்சாகம் தந்தன; வேறு பலருக்கு வேதனை தந்தன. அவரை இங்கே வரவிடக் கூடாது என்ற எதிர்ப்பும் நம்மவரிடையே எழுந்தது. ஆனாலும் அவர் வந்தார், பேசினார், திரும்பினார். பிடிக்காதவர்கள் அவருக்கு எதிராகப் பேசினார்கள், எழுதினார்கள். பேச்சுக்குப் பேச்சு, எழுத்துக்கு எழுத்து என்று அந்தத் தகராறு நடந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துக் கிள்ளானில், பேச்சுக்கு மறுமொழியாகத் துப்பாக்கி வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நமக்கு நல்லது.

யுத்தம் முடிந்தபின் காலம் மாறத் தொடங்கியது. மாற்றம் நேர்வழியில் வரவில்லை. தொழிற்சங்கங்கள் எழுந்தன. 1948இல் நாடு முழுவதும் அவசரகாலம் பிறந்தது. அதே ஆண்டில் தேச நிந்தனைச் சட்டமும் வந்தது. சங்கங்கள் பல ஒடுக்கப்பட்டன. 1954இல் பல சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. பி.பி. நாராயணன் அதை நீண்டகாலம் வழிநடத்தினார். 1955இல் வேலைச் சட்டம் பிறந்தது. 1957இல் நாடு சுதந்திரம் பெற்றது. அரசியலமைப்பின் 10ஆம் விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமையும் சங்கம் அமைக்கும் உரிமையும் வழங்கியது. அதே விதி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலியவற்றுக்காக நாடாளுமன்றம் அந்த உரிமைக்கு வரம்பு விதிக்கலாம் என்றும் சொல்கிறது.

இவற்றுள் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவை ஒவ்வொரு தொழிலாளர் குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒரு தொழிலாளி ஒழுங்குமீறி நடந்தார் என்று முதலாளி கருதினால், அவரை நீக்கலாம், பதவி இறக்கலாம், அல்லது அதைவிடக் குறைந்த தண்டனை தரலாம். ஆனால் எதைச் செய்வதானாலும் அதற்கு முன் முறையாக விசாரணை நடத்த வேண்டும். விசாரணைக்காகத் தொழிலாளியை இரண்டு வாரத்துக்கு மேல் வேலையிலிருந்து நிறுத்திவைக்கக் கூடாது. அந்த நாள்களுக்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் மீதிப் பாதியையும் கொடுத்துவிட வேண்டும்.

வேலைத்தலத்தில் நடக்கும் இந்த உள்விசாரணையில் என்ன நடக்க வேண்டும்? குற்றச்சாட்டு எழுத்தில் தரப்பட வேண்டும். நீ துடுக்காகப் பேசினாய் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. என்ன சொன்னாய், எப்போது சொன்னாய், யாரிடம் சொன்னாய் என்பது அதில் இருக்க வேண்டும். தொழிலாளி பதில் சொல்லவும், தன் பக்கத்துச் சாட்சியைக் கொண்டுவரவும் வாய்ப்பு வேண்டும். புகார் கொடுத்தவரே விசாரணை செய்பவராக அமரக் கூடாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகலாகாது என்பது உலகம் ஒப்பிய நியாயம். 1941இல் கிள்ளானில் இல்லாமற் போனது இதுதான்.

உள்விசாரணையையும் நடத்துகிறவர்கள் நிர்வாகத்தின் ஆட்கள்தாமே என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. அதற்காகத்தான் 1967ஆம் ஆண்டின் தொழிலியல் உறவுச் சட்டம் இருக்கிறது. நியாயமான காரணம் இல்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிடலாம். சமரசம் ஏற்படாவிட்டால் வழக்கு தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். சங்கத்தில் சேர்ந்தார், பிறரைச் சேரச் சொன்னார் என்பதற்காக ஒருவரை நீக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த 60 நாள் கணக்கைத் தவறவிட்டு, பிறகு வருந்துகிறவர்கள் உண்டு. ஆகவே நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்களிலும் இதே கேள்வி எழுந்ததுண்டு. 1969 மே மாதக் கலவரத்துக்குப் பின் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன. 1971இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டு, குடியுரிமை, தேசிய மொழி, சிறப்புரிமைகள், ஆட்சியாளர்களின் நிலை ஆகியவற்றைப் பொதுமேடையில் கேள்விக்குள்ளாக்குவதைத் தடை செய்ய வழி பிறந்தது. அதே 1971இல் ஒரு மலாய் நாளிதழ், தமிழ், சீனப் பள்ளிகளை ஒழிக்க வேண்டும் என்னும் பொருள்பட ஒரு துணைத்தலைப்பை வெளியிட்டது. தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் அதன் தலைமை ஆசிரியர்மீதும் செய்தியை எழுதியவர்மீதும் வழக்கு வந்தது. கீழ்மன்றம் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டில் தலைமை ஆசிரியர் விடுவிக்கப்பட்டார்.

தமிழ்ப்பள்ளியைப் பற்றிய அந்தத் தலைப்பு நம் நெஞ்சில் தைத்தது என்பதில் ஐயமில்லை. நம்மைப் புண்படுத்தியவரைச் சட்டம் பிடித்தது என்று நாம் மகிழலாம். ஆனால் அதே சட்டம் நம் பக்கத்துக்காரர்மீதும் பாயும் என்பதை மறக்கலாகாது. பினாங்கு மண்ணின் மைந்தரான வழக்கறிஞர் கர்பால் சிங்கின் வழக்கு இதற்குச் சான்று. 2009ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தில் ஆட்சி மாறியபோது, சுல்தான் எடுத்த முடிவை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடலாம் என்று அவர் ஒரு சட்டக் கருத்தைச் சொன்னார். சட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வது வழக்கறிஞரின் தொழில். ஆயினும் அது சுல்தானை அவமதிக்கும் பேச்சு என்று எண்ணியவர்கள் இருந்தார்கள். தேச நிந்தனை வழக்கு தொடரப்பட்டது.

அந்த வழக்கு பத்து ஆண்டுகள் நடந்தது. 2010இல் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டில் வழக்கு திரும்பி வந்தது. 2014 மார்ச் மாதம் 4,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே, ஏப்ரல் 17ஆம் தேதி, அவர் சாலை விபத்தில் காலமானார். அவர் மறைந்த பின்னும் குடும்பத்தார் வழக்கை விடவில்லை. 2019 மார்ச் மாதம் 29ஆம் தேதி நாட்டின் உச்ச மன்றமான கூட்டரசு நீதிமன்றம் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

நாதனையும் கர்பால் சிங்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவரும் தம் தொழிலின் வழியே பேசியவர்கள். இருவர் பேச்சும் அதிகாரத்தில் இருந்தோருக்குப் பிடிக்கவில்லை. ஒருவருக்கு அம்பலமே கிடைக்கவில்லை. மற்றவருக்கு அம்பலம் கிடைத்தது, தாமதமாகக் கிடைத்தது. தாமதம் பெரிய குறைதான். ஆனாலும் அவர் சொன்ன சொல்லை மூன்று அடுக்கு நீதிமன்றங்கள் எடுத்து வைத்து எடை போட்டன. அவர் பெயரில் இருந்த கறை நீங்கியது. நாதனின் சொல்லையோ, அவரோடு நாடுகடத்தப்பட்டவர்களின் சொல்லையோ எவரும் எடை போடவே இல்லை.

அப்படியானால் யார் எதை வேண்டுமானாலும் பேசலாமா? இல்லை. 1941இல் பேச்சுரிமை கேட்ட அதே தொழிலாளர்கள்தாம், பெண்களிடம் முறைகேடாக நடக்காதே என்றும் கேட்டார்கள் என்பதை மறவாதீர்கள். அந்தக் கோரிக்கை சட்டமாக வெகுகாலம் பிடித்தது. 2012இல்தான் வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லை பற்றிய தனிப் பகுதி சேர்க்கப்பட்டது. கைபடுவது மட்டுமல்ல, ஆபாசமாகப் பேசுவதும் சைகை காட்டுவதும்கூட அதில் அடங்கும். புகார் வந்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். விசாரிக்க மறுத்தால் 30 நாள்களுக்குள் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நம் பெண்பிள்ளைகள் பலர் இன்று மாக் மண்டின், பிறை தொழிற்பேட்டைகளில் வேலை செய்கிறார்கள். இதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

குறை சொல்வது வேறு, வசை பாடுவது வேறு. "இந்த மாதம் 5ஆம் தேதி என் பால் நிறையில் இரண்டு கிலோ குறைத்து எழுதப்பட்டிருக்கிறது" என்பது குறை. அதைச் சரிபார்க்கலாம். கேட்பவருக்குக் கோபம் வந்தாலும் அது நியாயமான பேச்சு. அதற்காக ஒருவரைத் தண்டிக்கக் கூடாது. "நீ திருட்டுப் பரம்பரை" என்பது வசவு. அதில் சரிபார்க்க ஒன்றுமில்லை. அது ஒருவரின் பிறப்பைக் குத்துகிறது. முதல் வகைப் பேச்சு எவ்வளவு கசந்தாலும் அதைக் காக்க வேண்டும். இரண்டாம் வகைப் பேச்சைப் பேசியவருக்கு, பேசியதன் அளவுக்கேற்ற கண்டனமோ தண்டனையோ கிடைக்கலாம். எது எந்த வகை என்று சொல்லத்தான் புண்படாத மூன்றாவது ஆள் வேண்டும் என்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நமக்குச் சற்றுக் கசக்கும். இன்று நம் நாட்டுத் தோட்டங்களில் செம்பனைக் குலை அறுக்கிறவர்கள் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் கப்பலில் வந்த அதே காரணத்துக்காக அவர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? பெயர் கேட்டுக் கூப்பிடுகிறோமா, "ஏ பங்களா" என்று கூப்பிடுகிறோமா? "கூலி" என்ற சொல் நம் முன்னோரின் காதில் எப்படி விழுந்ததோ, அப்படித்தான் இந்தச் சொல் அவர் காதில் விழுகிறது. அவர் திருப்பி ஒரு சொல் சொன்னால் துடுக்கு என்கிறோம். வேலை உரிமச் சீட்டு முதலாளியின் கையில் இருப்பதால் அவர் பெரும்பாலும் திருப்பிச் சொல்வதுமில்லை. துரையின் நாற்காலி காலியானதும் அதில் நாம் ஏறி அமர்வதற்காகக் கிள்ளானில் ஐந்து பேர் சாகவில்லை.

நேயர்களே, வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். துரை வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கிய கதையைத் தம் பெற்றோர் சொல்லக் கேட்டவர்கள் இன்னும் இருப்பார்கள். அதைப் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். எழுதும்போது பக்கத்தில் இன்னொன்றையும் எழுதட்டும்: வேலைச் சட்டம் 14ஆம் பிரிவு, முறையான விசாரணை, தொழிலியல் உறவுத் துறையில் முறையிட 60 நாள். ஏழை சொல் அம்பலம் ஏறுவதற்கு இன்று படிக்கட்டு இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களால்தான் அதில் ஏற முடியும். நம் வீட்டிலிருந்து ஒருவர் ஏறும்போது கைகொடுப்போம். நம்மோடு வேலை செய்யும் வேறு நாட்டுக்காரர் ஏறும்போதும் வழிவிடுவோம்.